1935 என்ற அச்சை நம்பி விலை பேசாதீர்கள்

வணக்கம். பலகையில் 1935 என்றிருப்பதால் அந்த மோனோபோலி பலகை விளையாட்டு முதல் பதிப்புதானா, கேட்கிற விலையைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இந்த விளையாட்டுக்காகச் சார்லஸ் டாரோ என்பவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1935 டிசம்பர் 31-ல், எண் 2,026,082. அந்த எண்ணையும் ஆண்டையும் விளையாட்டைத் தயாரித்த பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதற்குப் பிறகும் வெகுகாலம் அச்சிட்டுவந்தது. ஆகவே ஆண்டை விட்டுவிட்டு, பலகையில் வைத்து ஆடும் குட்டி வீடுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் பின்னாளையவை. மரமாக இருந்தாலும் அது மட்டும் போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் மரவீடுகள் வந்தன.

இன்னொன்று: வாங்கினால், கிழிந்த பெட்டி மூலையில் தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி அட்டைக்குள் இறங்கிவிடும். உரித்தால் படம் போட்ட மேல்தாளும் கூடவே வந்துவிடும். என் பெட்டி ஒன்று அப்படித்தான் பாழாயிற்று.