சிங்கப்பூரில் ரயில் மால் கடைவரிசைப் பக்கத்துப் பாலத்தடியில் ரயில் காரிடார் பாதையைக் காணவில்லையா?

ரயில் காரிடார் என்பது பழைய ரயில் தடத்தில் அமைந்த நடைபாதை. அது உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. சாலைக்குக் குறுக்கே போகும் அந்தக் கறுப்பு இரும்புப் பாலம்தான் பாதை. பாலத்தின் ஓரமாகப் படிக்கட்டு ஒன்று ஏறும், அதைத் தேடுங்கள்.

கைபேசி வரைபடத்தைப் பார்த்து நடந்ததால்தான் குழம்பியிருப்பீர்கள். அதில் பாதையும் சாலையும் ஒரே மட்டத்தில் வெட்டிக்கொள்வதுபோலத் தெரியும். மேடு பள்ளம் தெரியாது. மலேசிய ரயில்கள் 2011 ஜூன் 30 வரை சாலைக்கு மேலே இந்தப் பாலத்தில்தான் ஓடின.

மேலே ஏறியதும் ஒன்றைச் சரிபாருங்கள்: தெற்கே நடந்தால் புக்கிட் தீமா காடு இடப்பக்கம் வரவேண்டும். வலப்பக்கம் வந்தால் வடக்கே உட்லண்ட்ஸ் நோக்கிப் போகிறீர்கள், திரும்பிவிடுங்கள். தெற்கே சுமார் 3 கி.மீ. நடந்தால் இன்னொரு இரும்புப் பாலம், அதைத் தாண்டியதும் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம். அந்தச் சின்னக் கட்டடத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவசரப்படாமல் பாருங்கள், நடந்ததற்கு அதுவே போதும். அங்கிருந்து கிங் ஆல்பர்ட் பார்க் எம்.ஆர்.டி. (நகர ரயில்) நிலையம் பக்கத்தில்தான்.

உங்களோடு வருபவருக்கு முழங்கால் வலி என்றால் படியே வேண்டாம். ரயில் நிலையப் பக்கம் தொடங்கி, முடிந்த தூரம் போய் அதே வழியில் திரும்புங்கள். ரயில் பாதை என்பதால் ஏற்றம் மிகக் குறைவு.

அப்புறம், சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். இடி கேட்டால் அன்றைக்கு நடையை விட்டுவிடுங்கள்.