பாதிப் பணம் கட்டினால் அது வீண் காசா?

முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கசிப்பு வழக்கில் கணவருக்கு 45,000 ரூபாய் தண்டப்பணம், கட்டத் தவறினால் ஒரு மாதச் சிறை. அன்றைக்குக் கையில் காசில்லை. வவுனியாச் சிறைக்குக் கொண்டுபோய் எட்டு நாளாகிறது. தோட்டை அடகு வைத்தால் 20,000 வரும். "முழுசாகக் கட்டினால்தான் விடுவார்கள், பாதி கட்டினால் வீண் காசு" என்று அயலில் சொல்கிறார்களாம்.

வீண் இல்லை, தங்கச்சி. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. 45,000க்கு 30 நாள் என்றால் ஒரு நாளின் பெறுமதி 1,500. நீங்கள் 20,000 கட்டினால் மிச்சம் 25,000. அதற்கு ஈடான நாட்களை அவர் இருந்து முடித்தால் போதும். பதினேழாவது நாளில் வெளியே வரலாம். இன்றைக்கே வர வேண்டுமென்றால், இருந்து கழித்த எட்டு நாளுக்கு 12,000 போக, 33,000 தேவை. வேறு சிறைத்தண்டனை எதுவும் அவருக்கு இல்லாவிட்டால்தான் இந்தக் கணக்கு.

உண்மையில் தீர்ப்பு நாளிலேயே தவணை கேட்டிருக்கலாம். தண்டப்பணத்தைக் கட்ட அவகாசம் கொடுக்கவும், பகுதி பகுதியாகக் கட்ட விடவும் அதே பிரிவு நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. கூண்டில் நிற்கிற மனுசன் வாய் திறந்து கேட்பதில்லை, பக்கத்தில் சட்டத்தரணியும் இருப்பதில்லை. இப்போதும் நகர்த்தல் பத்திரம் (வழக்கைத் திரும்ப எடுக்கக் கேட்கிற மனு) போட்டுக் கேட்டுப் பார்க்கலாம். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை, அதாவது வெளியே இருந்தபடி பொதுவேலை செய்து தண்டனையைக் கழிக்கிற கட்டளை, கேட்கவும் இடமுண்டு. இரண்டும் நீதவானின் விருப்பத்தைப் பொறுத்தவை. சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். கிராம அலுவலரிடம் வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

உங்கள் கணவர் அருவிவெட்டுக் காலத்தில் நாளுக்கு 2,500 உழைப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதத்தில் இருபது நாள் வேலை என்றாலே 50,000. தண்டப்பணத்தை விடக் கூட! அரசுக்கும் 45,000 வராது. மேலே சாப்பாடும் காவலும் அதன் செலவு. தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பங்கினர் இப்படித் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள்தான் என்று சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களே பல வருடங்களாகக் காட்டுகின்றன. இதில் யாருக்கு இலாபம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, வெசாக் பொதுமன்னிப்பில் இப்படிப்பட்டவர்களை விடுவதுண்டு என்று யாரும் சொன்னால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒரு மாதம் அதற்குள் முடிந்துவிடும். கிழமைக்கடன் கொம்பனியிடம் மட்டும் போகாதீர்கள். அடகுக் காசையே கட்டுங்கள். வழக்கு இலக்கத்தோடு நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே போய்விடுங்கள். பின்னேரம் கட்டினால் அறிவித்தல் சிறைக்குப் போய்ச் சேரத் திங்களாகிவிடலாம்.