பரங்கிமலைக்குன்னு என்ன பாரம்பரியம்? – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

டிவியில பரங்கிமலை ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமி பாஸிங் அவுட் பரேட் (பயிற்சி முடிச்சு ஆபீசராகுற அணிவகுப்பு) காட்டினாங்க. என் பொண்ணு டிகிரி கடைசி வருஷம், அவளுக்கு அங்க சேரணும்னு ரொம்ப ஆசை. சொந்தக்காரர் ஒருத்தர் 'டேராடூன்தான் ஒரிஜினல், இது சும்மா ஷார்ட் கோர்ஸ், இதுக்குன்னு என்ன பாரம்பரியம் இருக்கு'ன்னு சொல்லிட்டார். பொண்ணு முகமே வாடிப்போச்சு. நீங்க என்ன சொல்றீங்க?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்க சொந்தக்காரர் சொன்னதுல பாதி சரிதான். டேராடூன்ல இருக்கிற இந்தியன் மிலிட்டரி அகாடமி 1932-ல 40 பேரோட ஆரம்பிச்சது, முதல் பேட்ச்லயே நம்ம ராணுவத் தளபதியா உயர்ந்த மானெக்‌ஷா, கூடப் படிச்ச முகமது மூசா பின்னாடி பாகிஸ்தான் தளபதி, ஸ்மித் டன் பர்மா தளபதி. இந்தக் கதையோட யார் போட்டி போட முடியும்?

சென்னை அகாடமி பிறந்ததே அவசரத்துல. 1962 சீனப் போர்ல அடி வாங்கினதும் ஆபீசருங்க பத்தலைன்னு 1963 ஜனவரியில பூனாவுலயும் இங்கயும் ரெண்டு ட்ரெய்னிங் ஸ்கூல் திறந்தாங்க, பூனாவை அடுத்த வருஷமே மூடிட்டாங்க, பரங்கிமலை நிலைச்சிடுச்சு. அகாடமிங்கிற பேரே 1988-லதான் வந்துச்சு. (இடம் என்னவோ பழசுதான். இந்தியாவையே அளந்த சர்வேக்கு 1802-ல லாம்ப்டன்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி முதல் அடிப்படைக் கோட்டை அளந்தது இந்த மலைப் பக்கம்தான்.)

ஆனா பாரம்பரியம்னா வயசு மட்டுமா? டேராடூன்ல பரேட் நடக்கிறது செட்வுட் கட்டிடத்து முன்னாடி, செட்வுட் வெள்ளைக்காரத் தளபதி. இங்க கேடட்டுங்க மார்ச் பண்ற மைதானம் பரமேஸ்வரன் ட்ரில் ஸ்கொயர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இதே பரங்கிமலையில ட்ரெய்னிங் முடிச்சு 1972-ல மஹார் ரெஜிமென்ட்டுக்குப் போனவர், 1987 நவம்பர் 25 அன்னிக்கு இலங்கையில, இந்திய அமைதிப்படை புலிகளோட மோதினப்போ, நெஞ்சுல குண்டு வாங்கின நிலையிலயும் எதிராளி துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே சுட்டுட்டுதான் விழுந்தார், போர்க்கள வீரத்துக்கான நாட்டோட உச்ச விருதான பரம்வீர் சக்ரா கிடைச்சுது. ஒரு தமிழ் ஆபீசர், எதிர்ல நின்னதும் தமிழர்கள், அந்தப் போரைப் பத்தி நமக்கெல்லாம் உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் உண்டு, எனக்கும் உண்டு. அதுக்காக அந்த மனுஷனோட துணிச்சலைக் குறைச்சுப் பேச மாட்டேன். தன் பழைய மாணவன் பேரைத் தாங்குற மண்ணுல தினமும் பூட்ஸ் காலைத் தரையில அறைஞ்சு நடக்குறதுதான் என்னைப் பொறுத்தவரை பாரம்பரியம்.

இன்னொண்ணு, உங்க பொண்ணுகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. மருத்துவப் பிரிவு மாதிரி சிலதைத் தவிர ராணுவத்துல பொண்ணுங்களுக்கு ஆபீசர் வாசல் திறந்தது 1992-ல, அவங்களுக்குப் பயிற்சி கொடுத்தது பரங்கிமலை. பிளஸ் டூ முடிச்சதும் சேருற என்டிஏவுல (நேஷனல் டிஃபன்ஸ் அகாடமி) பொண்ணுங்க சேர்ந்தது 2022-லதான், அதுவும் சுப்ரீம் கோர்ட் சொன்னப்புறம். இந்த விஷயத்துல சென்னைதான் சீனியர்!

பரேட் முடிவுல ஸ்லோ மார்ச்ல ஒரு கோட்டைத் தாண்டுறாங்க பாருங்க, அதுக்குப் பேர் அந்திம் பக், அதாவது கேடட்டா வைக்கிற கடைசி அடி. அப்புறம் பிப்பிங். தோள்ல இருக்கிற ஸ்டாரைத் துணி வெச்சு மூடியிருப்பாங்க, அதை அப்பா அம்மா வந்து எடுக்கணும். பல அம்மாக்களுக்கு விரல் நடுங்கி அந்தத் துணி சட்டுன்னு வராது, பிள்ளை அட்டென்ஷன்ல நேராப் பார்த்துக்கிட்டே நிக்கும், அப்பா இன்னொரு தோள்ல எப்பவோ முடிச்சிட்டு 'இழு, இழு'ம்பார்.

ஷார்ட் கோர்ஸ்ங்கிறது உண்மை, 49 வாரம். அதுக்குக் காரணம் உள்ள வர்றவங்க எல்லாம் டிகிரி முடிச்சவங்க, சேருறது ஷார்ட் சர்வீஸ் கமிஷன்ல. பத்து வருஷம் சர்வீஸ், வேணும்னா நாலு வருஷம் நீட்டிக்கலாம், பொண்ணுங்களுக்கும் பெர்மனென்ட் கமிஷன் (ரிடயர் ஆகுற வரைக்கும் சர்வீஸ்) உண்டுன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்தாச்சு.

பொண்ணை யுபிஎஸ்சி நடத்துற சிடிஎஸ் (ராணுவ ஆபீசர் வேலைக்கான) பரீட்சை எழுதச் சொல்லுங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். டேராடூனுக்கு எழுதுறவங்களுக்குக் கணக்கு பேப்பர் உண்டு, சென்னைக்கு இங்கிலீஷும் பொது அறிவும் மட்டும்தான். அதுக்கப்புறம் அஞ்சு நாள் எஸ்எஸ்பி (ராணுவத் தேர்வு வாரியம்) இன்டர்வியூ, அங்கதான் நிறைய பேர் கழண்டு போறாங்க, அதனால ஓட்டத்தையும் நாலு பேர் முன்னாடி தயங்காம பேசுறதையும் இப்பவே ஆரம்பிக்கட்டும்.