மாடி மேல் கீற்றுக் கொட்டகை: ‘கச்சா’ என்றால் குடிசை மட்டுமா?

கேள்வி: ஈரோட்டில் சொந்தக் கான்கிரீட் கட்டடத்தில் துண்டு, போர்வை மொத்த வியாபாரம் செய்கிறோம். மொட்டை மாடியில் மூங்கில் கட்டித் தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகையில் கொஞ்சம் பேல் (துணிக்கட்டு) அடுக்கியிருக்கிறோம். தீக் காப்பீட்டு பாலிசியில் கட்டட வகை ‘பக்கா’ என்று இருக்கிறது. “கச்சா என்றால் குடிசைதான், உங்களுக்கு அது வராது” என்கிறார் ஏஜெண்ட். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். பேச்சு வழக்கில் கச்சா என்றால் ஏழை வீடு, அரைகுறை வேலை. பாலிசியில் அதற்கு அர்த்தம் வேறு: சுவரோ கூரையோ மரப்பலகை, ஓலை, புல், வைக்கோல், மூங்கில், பிளாஸ்டிக் துணி, தார் பூசிய துணி, கித்தான், தார்ப்பாய் ‘போன்றவற்றால்’ ஆனது. பட்டியலைப் பாருங்கள், எல்லாமே எரிகிற பொருள். சுவர், கூரை இரண்டில் ஒன்று அப்படி இருந்தாலே போதும். கீழே இரண்டு மாடி கான்கிரீட் இருப்பது மேலே உள்ள கொட்டகையைப் பக்கா ஆக்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்த பள்ளியும் கான்கிரீட் கட்டடம்தான்; எரிந்தது அதன் மேலிருந்த கீற்றுக் கூரை.

அந்தப் ‘போன்றவை’தான் வம்பு. மண்சுவர் வைத்து நாட்டு ஓடு வேய்ந்த பழைய கிடங்கைக் கச்சா என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. மண் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ளவை மாதிரி எரிவதுமில்லை. ஓட்டுக்குக் கீழே மரச்சட்டம் இருக்கிறதே என்பார்கள். சட்டம் கூரையைத் தாங்குவது, கூரை ஓடுதான். உங்கள் உறவினர் யாருக்காவது அப்படிக் கிடங்கு இருந்தால், கச்சா என்று எழுத விடாமல் ‘மண்சுவர், ஓட்டுக் கூரை’ என்றே எழுதச் சொல்லுங்கள்.

தகர ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸும் பட்டியலில் இல்லை. ஆகவே இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போடுவது நல்ல வழி. ஆனால் வெயில் தாங்கவில்லை என்று தகரத்துக்கு அடியில் கீற்றையும் விட்டுவைப்பார்கள், சாரலுக்குப் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டுவார்கள். அத்தோடு மறுபடி கச்சா. கீற்றை முழுக்க இறக்குங்கள்.

கொட்டகையைச் சொல்லாமல் விட்டால், மேலே எரிந்த சரக்கோடு நஷ்டம் நிற்காது. தவறான விவரம் தந்தீர்கள் என்று மொத்தக் கிளெய்மையும் மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைக்கும். முன்மொழிவுப் படிவத்தில் (பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம்) ‘பக்கா’ என்று டிக் அடித்தவர் ஏஜெண்டாக இருக்கலாம். கீழே கையெழுத்து உங்களுடையது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போகிறவரை வாசலோடு அனுப்புங்கள். பாலிசி கொடுக்கும்போது மாடி ஏறிப் பார்க்க ஆள் வராது, எரிந்த பிறகு நஷ்டத்தை அளக்கும் சர்வேயர்கள் நாங்கள் டேப்போடு வருவோம். இந்த முறையை யார் வகுத்தார்களோ!

முதலில் முன்மொழிவுப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கிளை அலுவலகத்துக்கே கடிதம்: கொட்டகையின் நீள அகலம், எதனால் வேய்ந்தது, உள்ளே இருக்கும் சரக்கின் மதிப்பு, நான்கு புகைப்படம். மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் போகட்டும். ஏஜெண்டின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியது கணக்கில் வராது. பிரீமியம் கூடலாம், கட்டிவிடுங்கள். திருத்தம் ‘எண்டார்ஸ்மென்ட்’ தாளாகக் கைக்கு வந்தால்தான் திருத்தம். ‘சிஸ்டத்தில் ஏற்றியாச்சு சார்’ என்பது பதிலல்ல.

தீப்பிடித்தபின் ‘கிளெய்ம் முடித்துத் தருகிறேன், இத்தனை சதவீதம்’ என்று வருகிற தரகருக்கு நிறுவனத்தில் எந்த அதிகாரமும் கிடையாது. மறுப்புக் கடிதம் வந்தால், தனி உரிமையாளரும் குறுந்தொழில் செய்பவரும் ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கடிதம் அனுப்புகிற அன்றே பேல்களைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிடுங்கள். எண்டார்ஸ்மென்ட் வரும்வரை கொட்டகை காலியாகவே இருக்கட்டும்.