சதுப்பு நிலத்துக்கு மரக்கன்று வேண்டாம்

கேள்வி: சென்னையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறோம். வகுப்பு நண்பர்கள் இருபது பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குப்பை அள்ளவும் மரக்கன்று நடவும் ஆசைப்படுகிறோம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் மரக்கன்று யோசனையைக் கைவிடுங்கள். ஏற்கெனவே கன்று வாங்கிவிட்டீர்கள் என்றால் கல்லூரி வளாகத்தில் நடுங்கள், நன்றாக வளரட்டும். பள்ளிக்கரணை காடு அல்ல. தென்சென்னையின் பல ஏரிகளில் வழியும் தண்ணீர் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிற தாழ்நிலம். ஆழமில்லாத நீரும் கோரையும் வெட்டவெளியுமாக இருப்பதால்தான் அங்கே பூநாரையும் உள்ளானும் இறங்குகின்றன. கரையில் மரம் வளர்ந்தால் காகமும் பருந்தும் அதில் உட்கார்ந்து நோட்டம் விடும். ஆட்காட்டி வெறும் தரையில் முட்டையிடுகிற பறவை. அதன் குஞ்சுகள் பிழைப்பது கடினம்.

அனுமதி விஷயம். 2007-ல் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி சட்டப்படி காப்புக்காடாக, அதாவது வனத்துறையின் பாதுகாப்பிலுள்ள நிலமாக, அறிவிக்கப்பட்டது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம், நல்ல நோக்கம் என்றாலும் அப்படித்தான். கல்லூரி முதல்வர் கையெழுத்துடன் மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம் கொடுங்கள். நாள், நேரம், பெயர்ப் பட்டியல், உடன் வரும் ஆசிரியர், செய்யப்போகும் வேலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'தூய்மைப் பணி' என்று பொதுவாக எழுதாமல், எந்தச் சாலையோரம், எந்த மதகு என்று குறிப்பிடுங்கள். அலுவலர் உங்களை நம்புவதற்கு அதுவே போதும்.

குப்பைக்கு வருவோம். நீங்கள் வேலை செய்யவேண்டிய இடம் சாலையோரமும் மதகு வாயும்தான், தண்ணீர் அல்ல. பெருங்குடி குப்பைக் கிடங்கு பக்கத்திலேயே இருக்கிறது. சேற்றில் ஊசியும் கண்ணாடித் துண்டும் கிடக்கலாம். பாதி புதைந்த கவரைத் தோண்டி எடுக்காதீர்கள். அறுந்து கிடக்கும் நைலான் வலைத் துண்டுகளைத் தேடிப் பொறுக்குங்கள். பறவைக் காலும் பாம்பும் சிக்குவது அதில்தான். பத்து மூட்டை பாலிதீனைவிட ஒரு முழ வலையை எடுப்பது பெரிய வேலை. கட்டி வைத்திருக்கும் வலை என்றால் தொடாமல் வனப் பணியாளரிடம் சொல்லுங்கள். மூட்டைகளை அன்றே ஏற்றிச் செல்ல மாநகராட்சி வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். கரையில் விட்டுவந்தால் இரவுக்குள் நாயும் மாடும் கிழித்து, எல்லாம் திரும்ப தண்ணீருக்கே போய்விடும்.

சீமைக் கருவேலத்தை வெட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தோடு தோண்டி எடுத்தால்தான் சாகும். அது இயந்திர வேலை. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது சிறு நாற்றுகளை மட்டும் நீங்கள் பிடுங்கலாம், வனத்துறை காட்டுகிற இடத்தில். ஆகாயத்தாமரையை நீங்களாக இழுத்துப் போடாதீர்கள். மிதக்கும் இலைகளின் மேல் கூடு கட்டுகிற இலைக்கோழி அங்கே உண்டு.

இருபது பேரால் உருப்படியாகச் செய்ய முடிந்தது, என் கணிப்பில், பறவைக் கணக்கெடுப்பு. ஒரே நாளில் பெருங்கூட்டமாக வந்து போவதைவிட, ஒரே இடத்தில் மாதந்தோறும் எண்ணுவது அந்த நிலத்துக்கு நிலைத்த உதவி. கட்டடத்துக்கோ சாலைக்கோ எதிராக நாளை யாராவது வாதாட வேண்டியிருந்தால் கையில் பதிவு இருக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள்: இருவர் பைனாகுலர், ஒருவர் நோட்டு, ஒருவர் படம், ஒருவர் நேரம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, கண்ணில் பட்ட எல்லா இனத்தையும் எழுதி, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் செயலியில் ஏற்றுங்கள். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. பெரிய நாமக்கோழிக் கூட்டம் என்றால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பதித்து, அதே அளவை மற்ற இடங்களில் பொருத்திப் பாருங்கள். இரண்டாவது மாதத்திலேயே கண் பழகிவிடும்.

வேளச்சேரி - தாம்பரம் சாலை சதுப்பின் மேற்கில் இருக்கிறது. காலையில் அங்கே நின்றால் வெயில் முகத்தில் அடிக்கும், பறவைகள் வெறும் கருநிழலாகத் தெரியும். அந்தப் பக்கத்துக்கு மாலை போங்கள். காலையில் துரைப்பாக்கம் இருநூறடிச் சாலைப் பக்கம் நல்லது; ஆனால் வாகனங்கள் பறக்கும், கரை ஓரமாகவே நில்லுங்கள்.

முழுக்கால் பேன்ட், தடித்த அடியுள்ள முரட்டு ஷூ, தடித்த ரப்பர் கையுறை கட்டாயம். கருவேல முள் செருப்பைத் துளைக்கும். காலில் புண் இருப்பவர் ஈரமண்ணில் இறங்கும் வேலைக்கு வரவே வேண்டாம். எலிக்காய்ச்சல் பரவுவது அப்படித்தான். டெட்டனஸ் ஊசி எல்லாரும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கண்ணாடி விரியன் உள்ள இடம், புதருக்குள் கை விடாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழையுங்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தேவை. இந்த வேலையை அதில் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் முதல் ஞாயிறுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கும். ஆகவே கடிதத்தை செப்டம்பரிலேயே கொடுத்து, நவம்பர், டிசம்பரில் பழகிக்கொண்டால் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும், ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் நீங்கள் தயார். வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். வனத்துறைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களை அழைப்பார்கள். கடிதத்திலேயே அதற்கும் பெயர் கொடுத்துவிடுங்கள்.