பார்த்தால் புரிகிறது, போட்டால் வரவில்லை

வணக்கம் சார்,

பிளஸ் டூ படிக்கிறேன், தமிழ் மீடியம். பொறியியல் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ.க்குக் கோச்சிங் போகிறேன், தினமும் ஐம்பது அறுபது கணக்கு போடுகிறேன். ஆனால் கணிதமே எடுத்துப் படிக்கத்தான் ஆசை. அதனால் சிறுசேரி சி.எம்.ஐ. (சென்னை கணிதவியல் நிறுவனம்) நுழைவுத்தேர்வும் ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) தேர்வும் எழுதலாம் என்றிருக்கிறேன். போன வாரம் சி.எம்.ஐ.யின் பழைய தாள் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பகுதி ஓரளவு வந்தது. இரண்டாம் பகுதியில் ஒரு கணக்கைக்கூட முடிக்க முடியவில்லை. இருபது நிமிடம் பார்த்துவிட்டு விடையைத் திறந்தால் எல்லாமே புரிகிறது. இன்னும் நிறைய கணக்கு போட வேண்டுமா? வேறு புத்தகம் வாங்கவா? ஆங்கிலத்தில் நிரூபணம் எழுதுவதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

ஒரு மாணவி, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள மாணவிக்கு,

நிறைய கணக்கு வேண்டாம். இப்போது போடுவதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். புத்தகமும் வாங்க வேண்டாம். இரண்டு நிறுவனங்களும் பழைய தாள்களைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. தேர்வு நடக்கும் மே மாதம் வரைக்கும் அவையே தாராளம். மாற வேண்டியது அந்த இருபது நிமிடம்.

ஜே.இ.இ. பயிற்சி கணக்கின் இனத்தைச் சட்டென்று அடையாளம் காணக் கற்றுத்தருகிறது. இது இந்த வகை, இதற்கு இந்தச் சூத்திரம், மூன்று நிமிடத்தில் விடை. அது நல்ல திறமைதான், சி.எம்.ஐ.யின் முதல் பகுதிக்கு உதவும். முதல் பகுதியில் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் இரண்டாம் பகுதியைத் திருத்துவார்கள் என்பதால் அதை விட்டுவிடவும் முடியாது. இரண்டாம் பகுதிக் கணக்குக்கோ இனம் கிடையாது. விடை என்ன என்பதைக் கேள்வியே சொல்லிவிடும், ஏன் என்று நீங்கள் எழுத வேண்டும். விடையைப் படித்தால் அந்த ஏன் புரிந்துவிடுகிறது. ஆனால் அதைத் தேடிப் போகிற பழக்கம் வருவதில்லை. சமையல் வீடியோ பார்ப்பதற்கும் அடுப்பு முன் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஒரு கணக்கை எடுத்து, அந்த நேரத்தில் என்ன செய்வது என்று காட்டுகிறேன். (எழுத்துகளுக்கு க, ம, ப என்று போடுகிறேன், உங்கள் நோட்டில் வழக்கமான எழுத்துகளையே வைத்துக்கொள்ளுங்கள்.) க என்பது 1-ஐ விடப் பெரிய முழு எண். க⁴ + 4^க ஒருபோதும் பகா எண் ஆகாது என்று நிறுவுக. பழைய, பலருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாது என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் சிறிய எண்களைப் போட்டுப் பாருங்கள். 2-க்கு 32. 3-க்கு 145. 4-க்கு 512. 5-க்கு 1649. இரட்டை எண்ணுக்கு விடை இரட்டையாகவே வருகிறது, அங்கே சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் ஒற்றை எண்களில். 145 = 5 × 29. 1649 = 17 × 97. பலர் இத்தோடு எழுந்துவிடுவார்கள். அந்தக் காரணிகளையே இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள். 5-க்கும் 29-க்கும் நட்டநடுவில் 17, அங்கிருந்து இரு பக்கமும் 12. 17-க்கும் 97-க்கும் நடுவில் 57, இரு பக்கமும் 40. இனி 17 = 9 + 8, அதாவது 3² + 2×2². 57 = 25 + 32, அதாவது 5² + 2×4². 12 = 2×3×2. 40 = 2×5×4. விஷயம் வெளியே வந்துவிட்டது. க = 2ம + 1 என்றும் 2^ம = ப என்றும் எழுதினால் 4^க = 4ப⁴. எனவே

க⁴ + 4ப⁴ = (க² + 2ப²)² − (2கப)² = (க² + 2ப² + 2கப)(க² + 2ப² − 2கப).

இரண்டு காரணிகள் கிடைத்துவிட்டன, ஆகவே பகா எண் இல்லை என்று எழுதி முடித்தால் மார்க் குறையும். 7-ஐக்கூட 7 × 1 என்று எழுதலாமே. சிறிய காரணி 1 ஆகிவிடாது என்பதையும் காட்ட வேண்டும். அது (க − ப)² + ப². க குறைந்தது 3 என்பதால் ம குறைந்தது 1, ப குறைந்தது 2. எனவே அந்தக் காரணி 4-க்குக் குறையாது. இப்போதுதான் நிரூபணம் முடிந்தது. க = 1 என்று போட்டுப் பாருங்கள்: சிறிய காரணி சரியாக 1 ஆகிறது, 1 + 4 = 5 பகா எண். கேள்வியில் '1-ஐ விடப் பெரிய' என்ற மூன்று சொற்கள் எதற்கு என்று இங்கேதான் தெரிகிறது.

இதிலிருந்து ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். நிரூபணம் எழுதியதும் கேள்விக்குத் திரும்பிப் போய், கொடுத்திருக்கும் ஒவ்வொரு நிபந்தனையையும் எந்த வரியில் பயன்படுத்தினோம் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். ஒன்றுக்கு வரி கிடைக்கவில்லையா? பெரும்பாலும் ஓட்டை அங்கேதான்.

சிறிய எண்களில் ஓர் ஆபத்தும் உண்டு. வட்டத்தின் பரிதியில் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் நாண்களால் இணைத்தால், வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகும்? ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு 32 என்று கை தானாக எழுதிவிடும். எண்ணினால் 31. சிறிய எண்கள் வழி காட்டும், சாட்சி சொல்லாது.

நேரக் கணக்குக்கு வருகிறேன். பள்ளி, கோச்சிங் போக இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்கு. முதல் அமர்வு 45 நிமிடம், விடை பக்கத்தில் இருக்கக் கூடாது. வரவில்லை என்றால் எங்கே நிற்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிட்டு மூடிவிடுங்கள். மறுநாள் இன்னொரு 30 நிமிடம். முதல் நாள் அடைத்துக்கொண்ட வழி மறுநாள் திறப்பது சாதாரணமாக நடக்கும். அதன் பிறகும் வரவில்லை என்றால் விடையின் மேல் ஒரு காகிதத்தை வைத்து மறைத்து, முதல் வரியை மட்டும் பாருங்கள். திரும்ப முயலுங்கள். முழுவதையும் படிக்க நேர்ந்தால் அதில் வெட்கம் ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு நாள் கழித்து அதைப் பார்க்காமல் முழுதாக எழுத வேண்டும். அப்போதும் தடுக்கினால் அன்று புரிந்தது என்று நினைத்தது புரியவில்லை என்று பொருள்.

நோட்டில் இடது பக்கம் கிறுக்கலுக்கு, வலது பக்கம் சுத்தமாக எழுதிய நிரூபணத்துக்கு. கிறுக்கலை அழிக்காதீர்கள். தப்பான வழிகள் எல்லாம் அங்கே இருக்கும். மாதம் ஒருமுறை புரட்டினால் நாம் வழக்கமாக எங்கே வழுக்குகிறோம் என்று தெரியும்.

வழுக்குகிற இடத்துக்கு ஓர் உதாரணம். 0 முதல் 1 வரை ச(ய) என்ற தொடர்ச்சியான சார்பு, ச(0) = ச(1). சரியாக ½ இடைவெளியில் உள்ள ஏதோ இரண்டு புள்ளிகளில் சார்பின் மதிப்பு சமமாக இருக்கும் என்று நிறுவுக. பிளஸ் டூ மாணவர்களுக்கு இரண்டு முனையும் சமம் என்றதுமே ரோல் தேற்றம் (முனை மதிப்புகள் சமமானால் நடுவில் எங்கோ வகைக்கெழு பூச்சியம் என்பது) ஞாபகம் வரும், கை வகையிடத் தொடங்கிவிடும். வகையிடத்தக்கது என்று கேள்வி எங்குமே சொல்லவில்லை. சிலர் ய(1 − ய) போல ஒரு சார்பை எடுத்துக்கொண்டு அதற்கு நிறுவிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போவார்கள். அது ஒரு சார்புக்கான சரிபார்ப்பு, அவ்வளவுதான்.

வழி இது. வி(ய) = ச(ய + ½) − ச(ய) என்று எழுதினால் வி(0) + வி(½) = ச(1) − ச(0) = 0. இரண்டின் கூட்டல் பூச்சியம் என்றால் இரண்டுமே பூச்சியம், அல்லது ஒன்று மிகை, மற்றது குறை. வி தொடர்ச்சியானது. ஆகவே இடைநிலை மதிப்புத் தேற்றத்தின்படி நடுவில் எங்கோ அது பூச்சியமாகிறது. மூன்றே வரி.

கணக்கு முடிந்தது என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள், கேள்வியைத் திருகுங்கள். ½-க்குப் பதில் ⅖ என்றால்? நடக்கும் என்றுதான் தோன்றும். ச(ய) = சைன்²(450° × ய) − ய என்று எடுத்துப் பாருங்கள். 0-விலும் 1-லும் மதிப்பு பூச்சியம். ய-வை ⅖ கூட்டினால் கோணம் 180° கூடுகிறது, சைன் வர்க்கம் மாறாது, ஆனால் பின்னால் ⅖ கழிகிறது. ஆகவே ⅖ இடைவெளியில் எந்த இரண்டு புள்ளியிலும் மதிப்பு சமமாகாது. ½-க்குச் சரி, ⅖-க்குத் தவறு, ஏன்? இதில் ஒரு மாலை போனால் வீணில்லை. இப்படித் திருகிய ஒரு கணக்கு, திருகாத பத்துக்குச் சமம் என்பது என் கணிப்பு.

எழுதும்போது நடக்கும் இன்னொரு பிழை, நிறுவ வேண்டியதையே முதல் வரியாக எழுதி, இரு பக்கமும் வர்க்கப்படுத்தி, கடைசியில் உண்மையான ஒன்றில் வந்து நின்று 'நிறுவப்பட்டது' என்பது. அந்த வழியில் −1 = 1 என்பதையும் நிறுவலாம்: வர்க்கப்படுத்தினால் 1 = 1. இடது பக்கக் கிறுக்கலில் முடிவிலிருந்து பின்னோக்கி வருவது நல்ல உத்தி. வலது பக்கத்தில் தெரிந்ததிலிருந்து நிறுவ வேண்டியதை நோக்கித்தான் நடக்க வேண்டும், கிறுக்கலின் ஒவ்வொரு அடியும் எதிர்த்திசையிலும் செல்லுபடியாகிறதா என்று பார்த்துக்கொண்டு.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். நிரூபணத்துக்குத் தேவையான சொற்கள் இருபதுகூட இராது: லெட், சப்போஸ், சின்ஸ், தேர்ஃபோர், கான்ட்ரடிக்‌ஷன். வாக்கியம் குட்டையாக இருந்தால் இலக்கணப் பிழைக்கு யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை. ஒரே ஒரு சொல்லிடம் மட்டும் எச்சரிக்கை: 'எனி'. ஆங்கிலத்தில் அது சில இடத்தில் 'ஒவ்வொன்றும்', சில இடத்தில் 'ஏதேனும் ஒன்று'. நிரூபணத்தில் இந்த இரண்டும் வானமும் பூமியும். தமிழில் யோசித்து, ஒவ்வொன்றும் என்றால் 'எவ்ரி', ஏதேனும் ஒன்று என்றால் 'சம்' என்று எழுதுங்கள். இந்த ஓர் இடத்தில் தமிழ் மீடியம் உங்களுக்கு அனுகூலம்.

'எளிதில் காணலாம்' என்ற சொல்லை மட்டும் எந்த மொழியிலும் எழுதாதீர்கள். முழுதாக வரவில்லை என்றால், இரட்டை எண்ணுக்கு நிறுவிவிட்டேன், ஒற்றை எண்ணுக்கு முடியவில்லை என்று நேராக எழுதலாம். பூசி மெழுகுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஐ.எஸ்.ஐ. பற்றி ஒரு வார்த்தை. அண்மை ஆண்டுகளில் கொள்குறித் தாளில் 30 கேள்வி, இரண்டு மணி நேரம். சரிக்கு 4, தவறுக்கு 0, தொடாமல் விட்டால் 1. (உங்கள் ஆண்டுக்கான அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குத்தினால் சராசரியாகக் கிடைப்பதும் 1. ஆக வெறும் குருட்டு ஊகத்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடையை நிச்சயமாகத் தள்ளிவிட முடிந்தால் சராசரி 4/3, இரண்டைத் தள்ளினால் 2. அப்போது குறியுங்கள்.

கடைசி மூன்று ஆண்டுத் தாள்களை இப்போது தொடாதீர்கள். மார்ச்சில் போர்டு தேர்வு முடிந்ததும் கடிகாரம் வைத்து எழுத அவை வேண்டும். அப்போது முதல் பத்து நிமிடம் எதையும் எழுதாமல் இரண்டாம் பகுதிக் கேள்விகளை எல்லாம் படித்து, தொடங்க வேண்டிய இரண்டைத் தேர்ந்தெடுத்துப் பழகுங்கள்.

மேலே சொன்ன சார்புக் கணக்கை ½-க்குப் பதில் ⅓ வைத்து எழுதி அனுப்புங்கள். இந்த முறை வி(0), வி(⅓), வி(⅔) என்று மூன்று மதிப்புகள் வரும். மூன்றும் ஒரே குறியில் இருக்க முடியுமா என்பதில் தொடங்கலாம்.