மயில்கழுத்து நீலம் – கடிதம்

ஐயா, வணக்கம்.

தேய்ந்துபோன அரம் ஒன்றிலிருந்து சட்டைப்பையில் அடங்குகிற மடக்குக்கத்தி செய்தேன். உடைந்த நாற்காலியின் கைமரம்தான் பிடி. அச்சுக்குப் பித்தளைக் கம்பி. இரண்டு வாரம் மாலை நேரமெல்லாம் இதற்கே போனது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். கிரைண்டரில் தேய்க்கும்போது நுனியிலிருந்து பாதி தூரம் வாய் ஓரமாக மயில்கழுத்து மாதிரி ஒரு நீலம் ஏறியது. நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஆனால் இரண்டு அட்டைப்பெட்டி அறுத்ததுமே நுனிப்பக்கம் வாய் மடிந்துவிட்டது. அடிப்பக்கமோ பொடிப்பொடியாக உதிர்கிறது. ஒரே கத்தியில் இரண்டும் எப்படி? விரித்துப் பிடித்தால் பக்கவாட்டில் ஆடவும் செய்கிறது. ஸ்பிரிங் வைக்காததாலா? ‘இதைக் கடையிலேயே வாங்கியிருக்கலாம்’ என்று வீட்டில் வேறு சொல்கிறார்கள்.

ர.

அன்புள்ள ர.,

கடையில் வாங்கியிருக்கலாம்தான். அந்த வாதத்தில் இதுவரை யாரும் ஜெயித்ததில்லை, விட்டுவிடுங்கள். கத்திக்கு வருவோம்.

பழைய இரும்பை எடுக்கும்போது அதில் ஏற்கெனவே ஒருவர் செய்துவைத்த வேலையையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம். அரம் என்பது சுமார் 1.2 சதவீதம் கார்பன் உள்ள எஃகு. அதைச் செந்தழலாகக் காய்ச்சித் தோய்த்து, மற்ற இரும்பை ராவுகிற அளவுக்குக் கடினமாக்கி அனுப்பியிருக்கிறார்கள். கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 60க்கு மேல். அந்தப் பதத்தை நாம் வீட்டில் உண்டாக்குவது சிரமம், கெடுப்பது சுலபம். கிரைண்டரில் மூன்று விநாடி அழுத்தினால் போதும்.

நீங்கள் ரசித்த நீலம் அதைத்தான் காட்டுகிறது. சூடாகும் எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படரும். சுமார் 200 டிகிரியைத் தாண்டும்போது வெளிர் வைக்கோல் நிறம், 250 வாக்கில் பழுப்பு, அப்புறம் ஊதா, 300ஐ நெருங்கினால் நீலம். நீலம் வந்த இடத்தில் எஃகு ஸ்பிரிங் பதத்துக்கு இளகிவிட்டது என்று பொருள். வளையும், உடையாது, ஆனால் கூர் நிற்காது. உங்கள் நுனி மடிவது அதனால். சூடே படாத அடிப்பக்கம் இன்னும் அரமாகவே இருக்கிறது. அந்தக் கடினம் கத்திக்கு அதிகம், அதனால் உதிர்கிறது. ஒரே கத்தியில் இரண்டு பதம்.

சிலர் உப்புத்தாளால் நீலத்தைத் தேய்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். நிறம் போகும், பதம் திரும்பாது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விசை ரம்பத்தில் வருகிற தடித்த ஹைஸ்பீடு ஸ்டீல் பிளேடில் இதே நீலம் ஏறினால் கவலையே வேண்டாம். டங்ஸ்டன், மாலிப்டினம் சேர்ந்த எஃகு அது, 500 டிகிரி வரை அசராது. கையால் அறுக்கும் ஹாக்ஸா பிளேடு வேறு கதை. இப்போது வருபவை பலவற்றில் பல் மட்டும்தான் ஹைஸ்பீடு, முதுகு ஸ்பிரிங் எஃகு. முதுகுப்பக்கம் வாய் தீட்டிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு.

சரி, இனி என்ன செய்யலாம்? அச்சைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றுங்கள். நீலமும் ஊதாவும் பரவியிருக்கிற அகலம் வரைக்கும், அதைத் தாண்டி ஒரு மில்லிமீட்டரும் சேர்த்து, தேய்த்து எறிந்துவிடுங்கள். கத்தி கொஞ்சம் ஒல்லியாகும், பரவாயில்லை. கையுறை இல்லாமல் விரலில் பிடித்துத் தேயுங்கள், பக்கத்தில் வாளித் தண்ணீர் இருக்கட்டும். விரலுக்குச் சுட்டால் உடனே முக்குங்கள். வாய் மெலிந்த பிறகு கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். மெலிந்த ஓரம், விரல் சுடுவதற்கு முன்பே நீலமாகிவிடும். கல்லில் கையால்தான் முடிக்க வேண்டும்.

அடிப்பக்கம் உதிர்வதற்கு மருந்து, அளவான சூடு. கேக் சுடும் ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். வெளிர் வைக்கோல் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டி வடிவம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

அரத்தின் பல்வரி எதையாவது அழகுக்காக விட்டுவைத்திருக்கிறீர்களா? நான் விட்டேன். என் முதல் கத்தியில் முதுகை ஒட்டி அந்தக் குறுக்குக் கோடுகள் அவ்வளவு பிடித்திருந்தன. ஓவனில் வைக்கவும் சோம்பேறித்தனம். ஒருநாள் கைதவறி சிமெண்ட் தரையில் விழுந்தது. கண்ணாடி மாதிரி ஒரு சத்தம், இரண்டு துண்டு. ஒரு பல்லின் அடிப்பள்ளத்தை ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல உடைந்திருந்தது.

ஆட்டத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தமில்லை. பிரான்சின் சவாய் பகுதியில் 1890இல் பிறந்த ஓபினெல் மடக்குக்கத்திக்கு, சுழல் வளையப் பூட்டு வந்ததே 1955இல்தான். அதுவரை மரப்பிடியின் இறுக்கம்தான் அதைப் பிடித்து நிறுத்தியது. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துளை கம்பியைவிடப் பெரிது, ஒரு பக்கம் பிறைநிலா மாதிரி இடைவெளி தெரிகிறது. எவ்வளவு அடித்து இறுக்கினாலும் அது ஆடும். பழைய பிளக்கின் உருண்டைப் பித்தளை முள்ளை எடுத்து, துளையில் அழுத்தி நுழைகிற அளவுக்கு ராவி அச்சாக்குங்கள். பிடிக்கும் கத்திக்கும் நடுவே இரண்டு பக்கமும் காலாவதியான ஏடிஎம் கார்டிலிருந்து வட்டமாக வெட்டிய வாஷர். முக்கால் மில்லிமீட்டர் தடிமன், கச்சிதமாக இருக்கும். பிறகு சிறிய சுத்தியலால் அச்சின் தலையைச் சுற்றி மெதுவாகத் தட்டிப் பரப்புங்கள். ஐந்து தட்டு, ஒருமுறை விரித்து மடக்கிப் பார்ப்பது, மறுபடி ஐந்து தட்டு. இறுகிவிட்டால் தளர்த்த வழியில்லை, ராவி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பூட்டு இல்லாத கத்தி என்பதால் நுனியை எதிலும் குத்தி அழுத்த வேண்டாம், விரல்மேல் மடங்கும். இழுத்து அறுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மடக்கிய பிறகு நுனி பிடிக்குள் முழுதாகப் போகிறதா என்றும் பாருங்கள். படத்தில் ஒரு மயிரிழை வெளியே நிற்கிறது. சட்டைப்பை முதல் வாரத்திலேயே ஓட்டையாகிவிடும், அப்புறம் வீட்டில் அதற்கும் ஏதாவது சொல்வார்கள்.